பத்தாங் பெர்ஜுந்தை பெரிய டாக்டர் கிளினிக்: ஊசி கிடைக்காது, இருந்தாலும் போங்கள்

மலேசியாவின் சிலாங்கூரில், பத்தாங் பெர்ஜுந்தை கடைவரிசையில் இருக்கும் பழைய கிளினிக்கைப் பற்றித்தான் இந்த விமர்சனம். 2007 முதல் ஊருக்கு பெஸ்தாரி ஜெயா என்று பெயர், கடிதத்தில் அப்படித்தான் வரும், ஆனால் எங்கள் வாயில் இன்னும் பழைய பெயர்தான். கிளினிக்கின் பெயர்ப் பலகை வெயிலில் வெளுத்துப் போய்விட்டது. கீழே கிளினிக், மாடியில் டாக்டர் வீடு. ஒட்டுக்கடையில் யாரிடமாவது "பெரிய டாக்டர்" என்று கேட்டால் கையைக் காட்டிவிடுவார்கள்.

ஊரில் இந்த கிளினிக் மீது மூன்று புகார்கள் உண்டு. ஊசி போடமாட்டார், நேரம் இழுக்கும், உள்ளே போனால் கேள்வி மேல் கேள்வியாகக் கேட்பார். மூன்றும் உண்மை, ஒன்றையும் நான் மறுக்கப் போவதில்லை. நான் இப்போது ரவாங்கில் இருக்கிறேன், வீட்டிலிருந்து நடந்து போகும் தூரத்திலேயே வேறு கிளினிக் இருக்கிறது, அப்படியும் மகளுக்கு மூச்சு இழுத்தால் காரை இங்கேதான் விடுகிறேன், அதற்குக் காரணமும் அதே மூன்றுதான்.

முதலில் ஊசி. தோட்டத்துச் சனத்துக்கு ஊசி போட்டால்தான் அவர் டாக்டர், இல்லாவிட்டால் காசு வீண். என் சித்தப்பா ஒருவர் காய்ச்சலுடன் போய் ஊசி கேட்டுச் சண்டையே போட்டிருக்கிறார். டாக்டர் கத்தவில்லை. "இது டெங்கியா இருந்தா சதையில ஊசி போடக்கூடாது, ரத்தத்துல பிளேட்லெட் குறைஞ்சிருந்தா போட்ட இடத்துல ரத்தம் கட்டிக்கும். மூணாவது நாள் வாங்க, ரத்தம் பாக்கணும். அதுவரைக்கும் பனாடோல் மட்டும். காய்ச்சல் விட்டதும் நல்லாயிடுச்சுன்னு வேலைக்கு ஓடாதீங்க, டெங்கியில அப்பதான் ஆபத்து" என்று சொல்லி அனுப்பினார். சிலாங்கூரில் வருஷா வருஷம் டெங்கி படுத்தும் பாட்டைப் பார்த்தவர்களுக்கு இது எவ்வளவு பெரிய பேச்சு என்று தெரியும். சித்தப்பா வேறு ஒரு இடத்தில் போய் ஊசி போட்டுக்கொண்டார் என்பது தனிக் கதை. சாதாரணச் சளிக்கு ஆன்டிபயாட்டிக் கேட்டாலும் இதே நிலைமைதான். வைரஸ் சளி, தானாகப் போகும், மூச்சு வாங்கினாலோ பிள்ளை தண்ணீர் குடிக்க மறுத்தாலோ உடனே தூக்கிக்கொண்டு வா என்பார். பிள்ளையின் சட்டையைத் தூக்கி, எதைப் பார்க்கவேண்டும் என்று காட்டியும் கொடுப்பார்.

காத்திருக்கும் இடம் சுமார்தான். பிளாஸ்டிக் நாற்காலி, சுற்றும்போது டக் டக் என்று சத்தம் போடும் காற்றாடி. கவுண்டரில் இருக்கும் அக்கா நல்லவர், ஆனால் "என்னா நோவு?" என்று அவர் கேட்பது கடைக்கு வெளியே ஐந்தடி நடைபாதைவரைக்கும் கேட்கும். மூலம், மாதவிடாய் என்று எதுவாக இருந்தாலும் எல்லார் காதிலும் விழும்படி நீங்களும் கத்திச் சொல்லவேண்டும். இதற்கு ஒரு நட்சத்திரத்தைக் கண்ணை மூடிக்கொண்டு கழிக்கிறேன். ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுங்கள், வாங்கிக்கொள்வார், கோபித்துக்கொள்ளமாட்டார்.

இப்போது கேள்விகள். இதைப் பற்றித்தான் நிறையச் சொல்லவேண்டும், ஏனென்றால் நான் அந்தக் கேள்விகளிலேயே வளர்ந்தவள்.

எனக்குச் சின்ன வயதிலிருந்தே இழுப்பு, அதாவது ஆஸ்துமா. அப்போது நாங்கள் தோட்டத்து லயத்தில், தொழிலாளர்களின் வரிசை வீட்டில், இருந்தோம், அப்பா பால்மரம் வெட்டினார், அம்மா களைக்கு மருந்தடிக்கும் வேலை. தோட்டத்து மருந்தகத்தைப் பார்த்துக்கொண்ட டிரெஸ்ஸர் கொடுத்த மருந்தில் இரண்டு நாள் நன்றாக இருப்பேன், மூன்றாவது இரவு மறுபடி நெஞ்சு சீட்டியடிக்கும். அப்பா கப்சாய் மோட்டாரில் என்னை நடுவில் உட்காரவைத்து, அம்மா பின்னால் பிடித்துக்கொள்ள, செம்மண் பாதையில் வந்து இந்த கிளினிக்கின் கிரில் கதவைத் தட்டுவார். மாடி விளக்கு எரியும். டாக்டர் கைலியோடு இறங்கி வருவார். மருந்தை எடுப்பதற்கு முன்னால் அவர் சொல்வது ஒன்றுதான்: "பாப்பா, உயிரெழுத்து பன்னெண்டையும் ஒரே மூச்சுல சொல்லு."

ஔ வரைக்கும் போய்விட்டால் "நாடகக்காரி" என்பார். எ, ஏ பக்கத்தில் நின்றால் மருந்தைப் புகைபோல ஆக்கும் நெபுலைசர் மிஷினை எடுப்பார். இரண்டு மூன்று எழுத்துக்கே மூச்சு வாங்கினால் பேச்சு நின்றுவிடும், முகம் மாறிவிடும், ஆக்சிஜனை வைத்துக்கொண்டே கார் சாவியைத் தேடுவார். மூச்சுத் திணறுகிறவரால் ஒரு வாக்கியத்தை முழுசாகச் சொல்ல முடிகிறதா என்று பார்ப்பது எல்லா டாக்டர்களும் செய்வதுதான் என்று பிறகு தெரிந்துகொண்டேன். அதைத் தமிழ்ப்பள்ளியில் படிக்கிற ஒரு பிள்ளைக்கு விளையாட்டாக மாற்றியது அவர் வேலை. நான் இ-யோடு நின்ற ஒரு ராத்திரி தஞ்சோங் காராங் மருத்துவமனை வரைக்கும் அவருடைய பழைய சாகா காரிலேயே கொண்டுபோனார், அப்பா பின்னால் மோட்டாரில் வந்தார். அங்கே வார்டில் என்னைப் படுக்கவைத்து, இரவு டாக்டரிடம் என்ன மருந்து, எத்தனை மணிக்கு என்று எழுதிய தாளைக் கொடுத்துவிட்டுத்தான் திரும்பினார். காலையில் வழக்கம்போல கிளினிக் திறந்திருந்தது என்று அம்மா சொல்வார்.

நெபுலைசர் முடிந்ததும் சில டாக்டர்கள் அனுப்பிவிடுவார்கள். இவர் அனுப்பமாட்டார். "மருந்து இறங்கினதும் திரும்ப இழுக்கும், ஒரு மணி நேரம் இருங்க" என்பார். ஸ்டீராய்டு மாத்திரையைப் பொடி செய்து தேனில் குழைத்துக் கொடுப்பார், அது வேலை செய்யச் சில மணி நேரம் ஆகும் என்று அப்பாவுக்கு விளக்குவார். அந்த ஒரு மணி நேரத்தில்தான் கேள்விகள். வீட்டில் எந்த அடுப்பு? கித்தா விறகா? பிள்ளை எங்கே படுக்கிறாள், அடுப்படிக்குப் பக்கத்திலா? கொசுவத்தி கொளுத்துகிறீர்களா? தலையணையில் என்ன பஞ்சு? அப்பாவுக்கு இது எரிச்சலாக இருந்திருக்கும், நெஞ்சு நோவுக்கு வந்தால் தலையணையைப் பற்றி ஏன் கேட்கிறார் என்று.

அப்புறம் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆளே லயத்துக்கு வந்துவிட்டார். பெரிய டாக்டர் வந்திருக்கிறார் என்று கேட்டு வரிசையில் பாதிப் பேர் வாசலில் கூடிவிட்டார்கள், யாருக்கோ சாவு என்று நினைத்து. அவர் நேராக உள்ளே போய், நான் படுக்கும் இலவம்பஞ்சுத் தலையணையை எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் இரண்டு தட்டுத் தட்டினார். வெளிச்சத்தில் தூசி பறந்தது. "இதுல படுக்கவச்சுட்டு என்கிட்ட மருந்து கேக்குறீங்க" என்றார். படுக்கைத் துணியை வாரத்துக்கு ஒருமுறை வெந்நீரில் போட்டு அலசவேண்டும், தலையணையை மாற்றவேண்டும், என் பாயை அடுப்பு இல்லாத முன்னறைக்குக் கொண்டுபோகவேண்டும், கொசுவத்திக்குப் பதில் கொசுவலை. அவ்வளவுதான், ஒரு பைசா வாங்கவில்லை. கொசுவலை வாங்க அம்மா யோசித்தபோது அதையும் அவரே அடுத்த வாரம் கொடுத்தனுப்பினார்.

பாட்டி மட்டும் அவரை நம்பவில்லை. பாட்டியின் வைத்தியம் பழந்தின்னி வௌவால் கறி. இழுப்புக்கு அதுதான் மருந்து என்று இந்த நாட்டில் இன்னும் சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். மிளகு தூக்கலாகப் போட்டு, என்ன கறி என்று சொல்லாமல் எனக்கு ஊட்டிவிட்டார். அம்மா பயந்துபோய் டாக்டரிடம் சொல்ல, அவர் திட்டுவார் என்று எதிர்பார்த்தோம். "கறி நல்லா இருந்துச்சா பாப்பா? சரி, அதைச் சாப்பிட்டாச்சு, இப்ப இதையும் இழு" என்று பம்பை, அதாவது இன்ஹேலரை, நீட்டினார். வாழைப்பழம், தயிர், ஐஸ் கச்சாங் எல்லாம் பாட்டி தடை செய்து வைத்திருந்தார். அதைச் சாப்பிட்டு எனக்கு எப்போதாவது இழுத்ததா என்று டாக்டர் கேட்டார், இல்லை என்றதும் தடையைத் தூக்கிவிட்டார். அன்றிலிருந்து நான் அவர் கட்சி.

1997 புகைமூட்டத்தை இந்த வயதுக்காரர்கள் மறந்திருக்கமாட்டார்கள். சுமாத்ராவிலும் கலிமந்தானிலும் காடு எரிந்து, சரவாக்கில் அவசரநிலை அறிவித்த வருஷம். எங்கள் பக்கம் செம்பனை வரிசையின் அடுத்த முனை தெரியாது. நான் இரண்டாம் ஆண்டு, பம்பைச் சரியாக இழுக்கத் தெரியாது. அழுத்துகிற நேரமும் இழுக்கிற நேரமும் ஒத்துப்போகாமல் மருந்து எல்லாம் நாக்கிலேயே படியும். அதற்கு ஸ்பேசர் என்று ஒரு குழாய் உண்டு, அப்போது அது எங்கள் கைக்கு எட்டாத விலை. டாக்டர் என்ன செய்தார் தெரியுமா, மேசையில் இருந்த 500 மில்லி தண்ணீர் போத்தலைக் காலி செய்து துடைத்தார், கத்தி முனையை ஸ்பிரிட் விளக்கில் காட்டி, போத்தலின் அடியில் பம்பின் வாய் அளவுக்கு ஓட்டை உருக்கினார். பிளாஸ்டிக் நாற்றம் தாங்காமல் அம்மா மூக்கைப் பிடித்துக்கொண்டார். ஓரத்தைச் சுரண்டி, பம்பைச் செருகி, பிளாஸ்தர் சுற்றி ஒட்டி, போத்தலின் வாயை என் வாயில் வைத்தார். ஒரு அழுத்து, மெதுவாக ஐந்தாறு மூச்சு, பிறகு அடுத்த அழுத்து. மருந்து போத்தலுக்குள் வெள்ளையாகச் சுழல்வதைப் பார்க்கலாம். பாத்திரம் கழுவும் சவர்க்காரத்தில் முக்கி எடுத்துத் தானாகக் காயவிடவேண்டும், துணியால் துடைத்தால் மருந்து பிளாஸ்டிக்கிலேயே ஒட்டிக்கொள்ளும் என்றார். புகை அடங்கும்வரை அந்தப் போத்தல்தான். பிற்பாடு இதே போத்தல் ஸ்பேசரை வைத்துத் தென்னாப்பிரிக்காவில் டாக்டர்கள் ஆராய்ச்சி செய்து, கடையில் விற்பதற்கு ஈடாக வேலை செய்கிறது என்று எழுதியிருக்கிறார்கள் என்று படித்தபோது எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

பம்பு பழகினால் அப்புறம் விடவே முடியாது என்ற பேச்சு அன்றும் இருந்தது, இன்றும் இருக்கிறது. அதற்கு அவர் பதில் எப்போதும் ஒன்றே. நீலப் பம்பு அடைத்த குழாயைத் திறக்கும், காப்பி நிறப் பம்பு உள்ளே இருக்கிற வீக்கத்தைக் குறைக்கும், வீக்கம் குறைந்தால் நீலத்தைத் தேடவேண்டிய அவசியமே வராது, இழுத்த பிறகு வாயைக் கொப்பளி. பள்ளி விளையாட்டுப் போட்டியில் என்னைச் சேர்க்கமாட்டேன் என்று வாத்தியார் சொன்னபோது ஒரு கடிதம் எழுதிக் கொடுத்தார்: ஓடுவதற்குக் கொஞ்ச நேரம் முன்னால் பம்பு, பிறகு ஓடவிடுங்கள். நான் கடைசியாகத்தான் வந்தேன், ஆனால் ஓடினேன்.

அம்மா விஷயத்தைச் சொல்லாமல் இந்த விமர்சனம் முழுசாகாது. என்னை மடியில் வைத்துக்கொண்டு அம்மா உட்கார்ந்திருக்கிறார், டாக்டர் என் நெஞ்சில் குழாயை வைத்துக் கேட்டுக்கொண்டே இருந்தவர் சட்டென்று, "உங்க கையைக் காட்டுங்கம்மா" என்றார். நகம் வெளுத்து, விளிம்பு உரிந்து, இரண்டு விரலில் நகமே கழன்றிருந்தது. மூக்கில் ரத்தம் வருமா என்று கேட்டார். எப்போதாவது வரும் என்று அம்மா சொன்னார், தோட்டத்தில் மருந்தடிக்கிற எல்லாப் பெண்களுக்கும் வருவதுதானே என்கிற மாதிரி. பேராகுவாட் என்ற களைக்கொல்லி அடித்த கை அது. அன்றைக்கே தோட்ட மானேஜருக்குக் கடிதம் எழுதினார், இந்தப் பெண்ணை மருந்து வேலையிலிருந்து எடுக்கவேண்டும் என்று. பதில் இல்லை. மறுபடி எழுதினார். அதற்குப் பிறகு அம்மாவைப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் ஆயாக் கொட்டகைக்கு மாற்றினார்கள், சம்பளம் குறைந்தது, நகம் வளர்ந்தது. மற்றப் பெண்கள் அடித்துக்கொண்டேதான் இருந்தார்கள். அரசாங்கம் 2002 இல் பேராகுவாட்டைத் தடை செய்வதாகச் சொல்லி, 2006 இல் தளர்த்தி, கடைசியில் 1.1.2020 முதல்தான் முழுசாகத் தடை செய்தது. அந்தச் செய்தியை அம்மா அவரிடம் சந்தோஷமாகச் சொன்னபோது, "பதினெட்டு வருஷம் லேட்டும்மா" என்று மட்டும் சொன்னார்.

காசு? சம்பளத்துக்கு முன்னால் போனால் 555 நோட்டில் கடனாக எழுதிக்கொள்வார். அந்தக் குட்டி நோட்டு இன்னும் மேசை இழுப்பறையில் இருக்கிறது, நான் பார்த்தேன். நாங்கள் தோட்டத்தை விட்டுக் கிளம்பியபோது, அதாவது தோட்டம் கைமாறி லயத்தை இடித்தபோது, கணக்கை முடிக்க அப்பா போனார். டாக்டர் அந்தப் பக்கத்தைக் கிழித்துக் குப்பையில் போட்டுவிட்டார். அப்பாவுக்கு அது கொஞ்சம் அவமானமாகத்தான் இருந்தது, சம்பளம் வாங்கியதும் ஒரு கோழியைக் கொண்டுபோய்க் கட்டாயப்படுத்திக் கொடுத்துவிட்டு வந்தார்.

பழங்கதை போதும், இன்றைக்கு எப்படி என்று கேட்பீர்கள். என் பிரச்சினை என்னவென்றால் பழைய டாக்டர்கள் பழைய மருந்திலேயே நின்றுவிடுவார்களோ என்பதுதான். இவர் நிற்கவில்லை. வளர்ந்த பிறகு நான் சோம்பலில் நீலப் பம்பை மட்டும் வைத்துக்கொண்டு காலம் ஓட்டினேன். உலக அளவில் ஆஸ்துமா வழிகாட்டி வெளியிடும் கீனா அமைப்பு 2019 இல், பெரியவர்களுக்கும் பன்னிரண்டு வயதுக்கு மேற்பட்டவர்களுக்கும் நீலப் பம்பை மட்டும் தனியாகக் கொடுக்கவேண்டாம் என்று மாற்றியது. அடுத்த முறை போனபோது, "நான் உனக்கு இத்தனை வருஷம் கொடுத்ததை இப்ப நானே நிறுத்துறேன்" என்று சொல்லி, வீக்கத்துக்கும் மூச்சுக்கும் சேர்ந்த கலவைப் பம்புக்கு மாற்றிவிட்டார். கண்ணாடியை நெற்றியில் ஏற்றிக்கொண்டு கம்ப்யூட்டரில் அந்தத் தாளையே திறந்து காட்டினார். மகளுக்கு இன்னும் காப்பி நிறப் பம்புதான், ஸ்பேசரோடு, இந்த முறை கடையில் வாங்கியது.

கட்டணம் நியாயம். போன முறை மகளுக்குப் பார்த்ததும் மருந்தும் சேர்த்து ஐம்பது வெள்ளிக்குள் முடிந்தது. தனியார் கிளினிக்குகள் மருந்து விலையைக் காட்டவேண்டும் என்ற சட்டம் 2025 மே 1 முதல் வந்தது, இங்கே கவுண்டரில் ஒரு கோப்பு இருக்கிறது, கேட்காமலேயே அக்கா திருப்பி வைப்பார். ஆனால் நீண்ட நாள் மருந்து என்றால் டாக்டரே உங்களை விரட்டிவிடுவார். கடிதம் எழுதிக் கொடுத்து, "அரசாங்க கிளினிக்குல ஒரு வெள்ளிதான், பம்பு அங்க வாங்கிக்க, சந்தேகம் இருந்தா இங்க வா" என்பார். நாற்பது வயதுக்கு மேற்பட்ட பி40, அதாவது வருமானம் குறைந்த, குடும்பத்தினருக்கான பெக்கா பி40 இலவசப் பரிசோதனையைப் பற்றி அம்மாவுக்குச் சொன்னதும் அவர்தான். வியாபாரம் தெரியாத மனுஷன் என்று என் கணவர் சொல்வார்.

இப்போது ஒரு இளம் டாக்டரும் சேர்ந்திருக்கிறார். வேகமாகப் பார்க்கிறார், மரியாதையாகப் பேசுகிறார், குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் என் மகளைப் பார்த்தபோது தலையணையைப் பற்றிக் கேட்கவில்லை. மருந்துச் சீட்டை எழுதி முடிக்கும்போது பெரிய டாக்டர் கதவருகில் வந்து, "எந்தப் பஞ்சுன்னு கேட்டியா?" என்றார். இளையவர் சிரித்துக்கொண்டே பேனாவை மறுபடி எடுத்தார்.

நன்றி என்று நேரில் சொன்னால் பேச்சை மாற்றிவிடுவார், இல்லாவிட்டால் பம்பை இழுத்துக் காட்டச் சொல்வார். அதனால் இங்கே எழுதிவிட்டேன்: டாக்டர், இந்தப் பாப்பாவும் அவள் பாப்பாவும் உங்களுக்கு ரொம்பக் கடமைப்பட்டிருக்கிறோம்.

ஐந்துக்கு நான்கு நட்சத்திரம், அந்த ஒன்று கவுண்டர் அக்காவின் குரலுக்கு. பெரிய டாக்டர் காலையில் மட்டும்தான் பார்க்கிறார், பசியாறிவிட்டுச் சீக்கிரமே போய் நம்பர் எடுங்கள். பயன்படுத்தும் பம்பு, மாத்திரை எல்லாவற்றையும் பையில் போட்டுக்கொண்டு போங்கள், ஒவ்வொன்றாக எடுத்து மேசையில் வைக்கச் சொல்வார். டெலிபோனை எடுக்கமாட்டார்கள், அதனால் அடித்துக்கொண்டே இருக்காதீர்கள். கார்டு வேலை செய்யாது, போனில் காசு கட்டும் டச் என் கோ உண்டு. டாய்லெட்டை மட்டும் ஒட்டுக்கடையிலேயே முடித்துக்கொண்டு போவது நல்லது.